சாவி யாரிடம் இருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிற்றூர்களிலும் உள்விளையாட்டு அரங்கம் கட்ட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். மூவாயிரம் பேர் உட்காரக் கேலரி, ஏசி, வெளியூர் அணிகள் தங்க அறைகள் என்று பெரிதாகவே கேட்டிருந்தார். கேட்பதில் தப்பில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் நான். எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. கட்டி முடித்த பிறகு சாவி யாரிடம் இருக்கும்?

இந்தக் கேள்வி போன அக்டோபரில் ஒரு பழைய அரங்கத்தைப் பார்த்ததிலிருந்து என்னை விடாமல் துரத்துகிறது. மகள் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துப் பக்கம் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை, "நயாகரா போகலாமா அத்தை?" என்று கேட்டார். எனக்குத் தண்ணீர் விழுவதைப் பார்க்கக் குற்றாலம் போதும். "நைட்ஸ்டவுன்னு ஒரு ஊர்ல பழைய பாஸ்கெட் பால் ஜிம் இருக்காமே, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து வருஷமாக அங்கே இருக்கிற மனிதர், அந்த ஊர்ப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு, நடுவில் நேராகப் போகும் சாலை. ஒரு மணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது. மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டாயிரம். நம் பக்கத்தில் இதை ஊராட்சி என்போம், பேரூராட்சிகூட ஆகாது. சார்லஸ் பியர்டு என்ற பெரிய வரலாற்றாசிரியர் பிறந்த ஊர் என்றாலும், காரில் வந்து இறங்குகிறவர்கள் தேடி வருவது அந்த ஜிம்மைத்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் கட்டடம், அவ்வளவுதான். 1921-இல் கட்டியது. ஊர் வியாபாரிகளும் வீட்டுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கட்டினார்கள். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்து அணி 1966 வரை இங்கேதான் ஆடியது. பிறகு உயர்நிலைப் பள்ளி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. கட்டடம் பழசாகி, என்ன செய்யலாம் என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1985-இல் ஒரு சினிமாக் குழு இடம் தேடிக்கொண்டு வந்தது. 'ஹூசியர்ஸ்' என்ற அந்தப் படம் அடுத்த வருஷம் வெளியானது. ஒரு குக்கிராமத்துப் பள்ளி அணி மாநிலக் கோப்பையை வெல்கிற கதை. அந்த அணியின் சொந்த ஜிம்மாகக் காட்டியது இந்தக் கட்டடத்தைத்தான். அதிலிருந்து பெயரே 'ஹூசியர் ஜிம்' ஆகிவிட்டது.

சினிமா காப்பாற்றிய கட்டடம் என்று மாப்பிள்ளை சொன்னார். பாதி உண்மை. நம் ஊரில் சினிமா எடுத்த பங்களாக்கள் எத்தனை இடிந்து கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியை உள்ளே போன பிறகுதான் பார்த்தேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே எழுபது எழுபத்தைந்து வயதில் ஒரு பெரியவர், இடுப்பில் சாவிக்கொத்து. டிக்கெட் எவ்வளவு என்று மாப்பிள்ளை பர்ஸை எடுத்தார். டிக்கெட் கிடையாது, விருப்பம் இருந்தால் அந்தப் பெட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, பெரியவர் நேராக என் பேத்தியைப் பார்த்தார். ஓரத்தில் பந்துகள் இருந்த இடத்தைக் கை காட்டி, "எடுத்து விளையாடு" என்றார். அவளுக்கு ஒன்பது வயது. மியூசியம் என்றால் எதையும் தொடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "அம்மாச்சி, நிஜமாவே எடுக்கலாமா?" என்று என் காதில் கேட்டாள்.

நூறு வருஷத்துக் கட்டடம் அது. பலகைத் தரை. அவள் பந்தைத் தட்டத் தட்ட அந்தச் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. காங்கிரீட் கோர்ட்டில் அந்தச் சத்தம் வராது. மரத்தில் பந்து விழுந்தால் 'தம்' என்று அடிவயிற்றில் கேட்கும். கோர்ட் சின்னதுதான், பார்வையாளர் பெஞ்சுகள் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. முன்வரிசையில் உட்கார்ந்தவர் காலை நீட்டினால் வீரர் தடுக்கி விழுவார். கீழே நிலவறையில் உடை மாற்றும் அறை, அதில் ஒரு கரும்பலகை. நான் அங்கே ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன். எனக்கு முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு உடை மாற்றும் அறை கிடைத்ததில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, மூன்றாவது பெண் மாற்றிக்கொள்வாள். மண்டலப் போட்டிக்குப் போன அணிகூட அப்படித்தான் மாற்றியது.

மேலே வந்து நானும் ஒரு பந்தை எடுத்தேன். சேலை, காலில் மகள் வாங்கிக் கொடுத்த ஷூ. ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று போட்டேன். முதலாவது போர்டைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது ரிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிட்டது. மூன்றாவது விழுந்தது. பெரியவர் கை தட்டினார். அறுபத்தேழு வயதில் இது போதும்.

நான் படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அதை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக் அமெரிக்கர், ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அதே கல்லூரியில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் பால்கனியில் அடித்துக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். வெளியே பனி, உள்ளே சும்மா இருக்க முடியாத பையன்கள். அதற்காகவே யோசித்துச் செய்த விளையாட்டு. அதாவது இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்குக் கீழேதான். நாம்தான் அதை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தோம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பது வேறு விஷயம். பெரியகுளத்தில் மே மாதம் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியை ராத்திரி பதினோரு மணிக்கு நின்றுகொண்டு பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய ஆட்டத்தை, நைட்ஸ்டவுன் இருக்கும் இண்டியானா மாநிலம் பிடித்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. விவசாயப் பூமி. அறுப்பு முடிந்தால் குளிர்காலம் முழுக்க வேலை குறைவு. சின்னப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பையன்களைத் தேற்றுவது கஷ்டம், கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். 1911-இல் மாநிலப் போட்டி தொடங்கியது. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே இல்லை, எல்லோருக்கும் ஒரே கோப்பை. 1954-இல் மிலன் என்ற ஊர்ப் பள்ளி, மொத்தமே 161 மாணவர்கள், 700-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்ட போட்டியில் கடைசி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று ஜெயித்தது. கடைசிக் கால்பகுதியில் பாபி பிளம்ப் என்ற பையன் நான்கு நிமிஷத்துக்கு மேல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறான், அதுவும் தன் அணி பின்தங்கியிருந்தபோது! என் பிள்ளைகள் அப்படிச் செய்திருந்தால் நான் கோர்ட்டுக்குள்ளேயே ஓடியிருப்பேன். வெற்றிப் பந்தைக் கடைசி நொடிகளில் போட்டதும் அவன்தான். சினிமாக் கதைக்கு விதை அந்த ஆட்டம்.

அப்புறம் அரங்கம் கட்டும் போட்டி வந்தது. உங்கள் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது. எந்த ஊரில் பெரிய அரங்கம் இருக்கிறதோ அங்கே முதல் சுற்றுப் போட்டிகளை நடத்தக் கொடுப்பார்கள், டிக்கெட் வருமானமும் வரும். அதனால் ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரைவிடப் பெரிதாகக் கட்டியது. நைட்ஸ்டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே மாவட்டத்தில் நியூ காசில் இருக்கிறது. அங்கே 1959-இல் 9,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஒரு அரங்கம் கட்டினார்கள். உலகிலேயே பெரிய பள்ளி ஜிம் என்று சொல்கிறார்கள். தரை மட்டத்தில் நுழைந்தால் கோர்ட் கிணற்றுக்குள் இருப்பதுபோலக் கீழே தெரியும். ஊரில் பாதிப்பேர் உள்ளே உட்காரலாம். அதாவது ஊரில் பாதிப்பேர் வந்தால்தான் அது நிறையும்.

ஆண்டர்சன் என்ற ஊர் 1961-இல் கட்டிய 'விக்வாம்' அரங்கத்தில் ஏறக்குறைய 9,000 இருக்கைகள். அதைப் பராமரிக்கப் பள்ளி நிர்வாகத்தால் முடியவில்லை. 2011-இல் பூட்டிவிட்டார்கள். 1959-இல் வந்த சட்டத்தால் சின்னப் பள்ளிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 1997-98 முதல் மாநிலப் போட்டியையும் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். கூட்டம் குறைந்தது. கூட்டத்தை நம்பிக் கட்டியது கூட்டத்தோடு போயிற்று. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நைட்ஸ்டவுன் ஜிம்மில் அன்று காலை என் பேத்தி பந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இண்டியானாபொலிஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக 1927-இல் திறந்த கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியை, மாநிலப் போட்டிக்குள் 1942 வரை சேர்க்கவே இல்லை. அந்தப் பள்ளியில் இருந்த ஜிம் பெரிய ஆட்டங்களுக்குப் போதாது. தங்கள் 'சொந்த ஊர்' ஆட்டத்தைக்கூட வேறு அரங்கத்தில் போய் ஆடினார்கள். 1955-இல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணியில் இருந்தபோது, கோப்பையை வென்றார்கள். வெற்றி ஊர்வலத்தை நகர மையத்தில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, கறுப்பர்கள் வாழும் பகுதியில் இருந்த பூங்காவுக்குத் திருப்பிவிட்டார்கள். எந்தத் தெருவில் தேர் வரலாம், எதில் வரக்கூடாது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் கதையும் அதேதான். பெரியவரிடம் மாப்பிள்ளை மூலமாகக் கேட்டேன். இங்கே பெண்கள் அணி ஆடியதா? அவர் தலையைச் சொறிந்தார். தன் அக்கா இந்த பெஞ்சில் உட்கார்ந்து கத்துவதற்குத்தான் வந்தாள், அவளிடம் யாரும் பந்தைக் கொடுக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இண்டியானாவில் பெண்களுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியது 1976-இல். ஆண்களுக்குத் தொடங்கி அறுபத்தைந்து வருஷம் கழித்து! இந்த ஜிம்மில் உயர்நிலைப் பள்ளி அணி ஆடி முடித்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்த முதல் கோப்பையை வார்சா ஊர்ப் பெண்கள் வென்றார்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வருஷமே பெண்கள் ஆடிக்கொண்டிருந்தோம், பாவாடை சட்டையோடு.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலும் ஒரு இன்டோர் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு ஷட்டில் கோர்ட், ஒரு பக்கம் கூடைப்பந்து போர்டு. திறப்பு விழா அன்று என் பள்ளிப் பிள்ளைகள்தான் அணிவகுப்பு நடத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்து பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். தேர்தல் வந்தால் பெட்டி வைக்க, மழை வெள்ளம் வந்தால் நிவாரண மூட்டை அடுக்க. அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன், ஊருக்கு வேண்டியதுதான். தேர்தல் முடிந்து ஐந்து மாதம் பூட்டிக் கிடப்பதைத்தான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், மண்டலப் போட்டிக்கு முன்னால் பத்து நாள் பயிற்சிக்கு இடம் கேட்டு மனு கொடுத்தேன். முதலில் தலைமை ஆசிரியர் கடிதம் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். பிறகு கட்டண ரசீது. கட்டினேன், என் கைப்பணம். ஏழாம் நாள் அனுமதி வந்தது. விடியற்காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு போய் நின்றால், சாவி வைத்திருப்பவர் வேறு அலுவலகத்துக்குப் பணி மாறிப் போய்விட்டார், சாவி அவர் மேசை டிராயரில் இருக்கிறது, டிராயர் சாவி அவரிடம் இருக்கிறது. நான் ஜோடித்துச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னார்கள். பன்னிரண்டு பெண்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பொரி கொண்டுவந்திருந்தாள், எல்லோருக்கும் பங்கு போட்டாள். எட்டரை மணிக்கு எழுந்து பள்ளிக்குப் போனோம்.

ஒன்பதாம் நாள் திறந்தார்கள். உள்ளே புறா எச்சம். சுருட்டி வைத்திருந்த செயற்கைத் தரை விரிப்பை விரித்தால், நடுவில் எலி கடித்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. ரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனாலும் அந்த இரண்டு காலைப் பொழுதும் என் பிள்ளைகள் ஆடியதை நான் மறக்க மாட்டேன். வெளி மைதானத்தில் ஆடும்போது ஒரு கண் பந்தில் இருக்கும், ஒரு கண் காம்பவுண்டுச் சுவரில் இருக்கும். சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது அங்கே போகும். குதித்து ரீபவுண்ட் எடுக்க வேண்டிய பிள்ளை ஒரு கையால் சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பாள். கூரைக்குக் கீழே வந்த அன்று, என் சென்டர் பிளேயர் முதல் முறையாக இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். நான் மூன்று வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியும் வராத விஷயம், நான்கு சுவரும் ஒரு கதவும் இருந்ததும் தானாக வந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டு பையன்களுக்குக் கூரை வேண்டியிருந்தது பனிக்காக. எங்களுக்கு வேண்டியிருப்பது இதற்காக. இன்னொன்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆட்டம் பிறந்த கொஞ்ச நாளில், செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். 1893-இல் அவர் நடத்திய முதல் போட்டியில் ஆண்கள் யாரையும் உள்ளே விடவில்லை. அந்த அம்மாளுக்குக் காரணம் யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

ஆகவே உங்கள் வாசகர் கேட்கும் மூவாயிரம் இருக்கைக்குப் பதிலாக நான் கேட்பது இது. எந்த ஊரிலும் புதிதாகக் கட்டுவதற்கு முன், ஏற்கெனவே கட்டியதைத் திறக்கட்டும். எங்கள் ஊர் இன்டோரைக் காலை ஆறு முதல் எட்டு வரை, வாரத்தில் ஆறு நாள், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பொறுப்பில் விடலாம். ஊரில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், முழங்கால் வலிக்குத் தைலம் நாங்களே வாங்கிக்கொள்வோம். ஓட்டையான விரிப்புக்கும் ரிங்குக்கும் பழைய மாணவிகள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். தேர்தல் வந்தால் மறுபேச்சு இல்லாமல் காலி செய்து கொடுப்போம். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு மட்டும் அலுவலகம் செய்து தர வேண்டும்.

இதை மனுவாக மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது, அதுவும் முதல் மனுவுக்குத்தான்.

உங்கள் செய்தியாளர் யாராவது எங்கள் பக்கம் வந்தால் ஏதாவது ஒரு காலை ஆறு மணிக்கு அந்தப் படிக்கட்டுக்கு வரச் சொல்லுங்கள். இப்போது பதினோரு பெண்கள் வருகிறார்கள், பூட்டிய கதவுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில் பாஸிங் மட்டும் பழகுகிறோம். போர்டு இல்லாததால் ஷூட்டிங் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தேனி மாவட்டம்.